பின்கட்டுச் சுவரில் ஒரு லராரியம்: ஈரச் சுண்ணாம்பில் ரோமானிய வீட்டுத் தெய்வங்கள்

சமையலறைக்கு வெளியே பின்கட்டுச் சுவரின் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய சுவர் அது. அதன் மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சையே தள்ளிவிட்டது. எப்படியும் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். சுண்ணாம்பிலேயே பூசுவது என்று முடிவானதும், பல காலமாக மனதில் இருந்த வேலையையும் சேர்த்துக்கொண்டேன். அந்தச் சுவரில் மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்கு, பழைய ரோமானிய நகரான பொம்பெயியின் வீடுகளில் இருப்பது போன்ற ஒரு லராரியத்தை ஈரப் பூச்சின் மேல் வரைவது.

லராரியம் என்பது ரோமானியர்களின் வீட்டுப் பூசை மாடம். சிலர் சுவரைக் குடைந்து மாடமாக வைத்தார்கள், சிலர் சிறு கோயில் போலக் கட்டினார்கள், வசதி குறைந்தவர்கள் சுவரில் ஓவியமாக மட்டும் தீட்டிக்கொண்டார்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பொம்பெயியில் இவை முற்றத்திலும் தோட்டத்திலும் கடையிலும் கிடைத்திருக்கின்றன. சமையலறையிலும் அடுப்பை ஒட்டிய சுவரிலும் நிறையவே உண்டு. அதனால் இந்தப் பின்கட்டுச் சுவர் இடத்தாலும் பொருத்தமாக அமைந்தது.

வேலையைத் தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்தேன். முகங்களுக்கு நேரம் செலவழிப்பதில்லை. ஓரடி உயர உருவத்தில் முகம் என்பது ஐந்தாறு தீற்றல்தான். ஈரப் பூச்சு காய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலையில் அதற்கு மேல் இடமும் இல்லை. ரோமானியத் தெய்வங்களைக் கையில் இருக்கும் பொருளையும் காலடியில் நிற்கும் விலங்கையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். நீள உடை அணிந்து, ஒரு கையில் பழமும் பூவும் நிறைந்து வழியும் வளக்கொம்பு ஏந்தி நிற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மறு கையில் கப்பல் சுக்கான் இருந்தால் அவள் அதிர்ஷ்டத் தெய்வம் ஃபார்ச்சூனா. கோதுமைக் கதிர் இருந்தால் தானியத் தெய்வம் சீரீஸ். அந்தக் கை வெறுமையாக இருந்தால் யாரென்று ஆய்வாளர்களே வாதிட வேண்டியதுதான். ஆகவே ஓவியத்தில் எந்த இடம் கெட்டாலும் பரவாயில்லை, கைப்பொருள் கெடக் கூடாது. அதை முதலில், பூச்சு நல்ல ஈரத்தில் இருக்கும்போதே தீட்டிவிட வேண்டும் என்பது திட்டம்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது காசுகளைப் பார்த்து. கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் திபேரியஸ் பேரரசரின் காசு ஒன்று. பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஒலிவக் கிளை. அந்தக் கிளையை வைத்துத்தான் அவளை அமைதித் தெய்வமான பாக்ஸ் என்கிறார்கள். பேரரசரின் தாய் லிவியாவையே அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பது பலருடைய கருத்து. காசின் அளவு நம் ஒரு ரூபாயை விடச் சிறியது. அதில் முகம் தேய்ந்து போன பிறகும் கிளை தெரிகிறது.

முன்மாதிரி

நான் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, பொம்பெயியில் வெத்தியஸ் குடும்பப் பெயர் கொண்ட இருவருடைய வீட்டின் லராரியம். அவுலஸ் வெத்தியஸ் கன்விவா, அவுலஸ் வெத்தியஸ் ரெஸ்டிட்யூட்டஸ். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று, வியாபாரத்தில் செல்வம் சேர்த்தவர்கள் என்று கருதப்படுகிறது. அந்த வீட்டை 1894 முதல் 1896 வரை தோண்டியெடுத்தார்கள். நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2023 ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். அதன் லராரியம் பெரிய முற்றத்தில் இல்லை, சமையலறையை ஒட்டிய சின்ன முற்றத்தில் இருக்கிறது.

அதில் நடுவே நிற்பவர் ஜீனியஸ், அதாவது குடும்பத் தலைவருக்குள் இருக்கும் உயிராற்றலின் உருவம். ரோமானியர்கள் உடலைச் சுற்றிப் போர்த்திக்கொண்ட நீளத் துணி தோகா. ஊதாக் கரை போட்ட தோகாவின் ஒரு நுனியைத் தலை மேல் முக்காடாகப் போட்டிருக்கிறார். ரோமானியர்கள் பலியிடும்போது தலையை மூடிக்கொள்வார்கள். எனவே முக்காட்டைப் பார்த்ததுமே 'பூசை நடக்கிறது' என்று புரிந்துவிடும். ஒரு கையில் பாத்தெரா எனப்படும் தட்டைக் கிண்ணம், மறு கையில் சாம்பிராணிப் பெட்டி. இரு பக்கமும் குட்டை அங்கி அணிந்த இரண்டு இளைஞர்கள், நுனிக்காலில் ஆடுவது போல. இவர்கள்தான் லாரேஸ்கள், வீட்டைக் காப்பவர்கள். ஒவ்வொருவர் கையிலும் உயர்த்திய மதுக் கொம்பும் ஒரு சிறு வாளியும். கீழே தாடியும் கொண்டையும் உள்ள பெரிய பாம்பு ஒன்று பலிபீடத்தை நோக்கி ஊர்கிறது. மேலே கோயில் முகப்பின் முக்கோணத்தில் எருதுத் தலை, கிண்ணம், பலிக்கத்தி. அந்த முக்கோணத்தில் மனித உருவமே கிடையாது, மூன்று பொருள்கள்தான். பலி முழுவதையும் அவையே சொல்லிவிடுகின்றன.

லாரேஸ்களோடு அந்தந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய மற்றத் தெய்வங்களையும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பெனாட்டீஸ். வியாபாரியின் வீட்டில் மெர்குரி, ரொட்டி சுடுபவர் வீட்டில் அடுப்பின் தெய்வம் வெஸ்டா, தோட்டமும் திராட்சையும் உள்ளவர் வீட்டில் மதுவின் தெய்வம் பாக்கஸ். பொம்பெயியின் செந்தனாரியோ வீடு எனப்படும் இடத்திலிருந்து எடுத்து நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் லராரிய ஓவியம் இதற்கு நல்ல உதாரணம். பாக்கஸின் உடம்பே ஒரு திராட்சைக் குலையாக இருக்கிறது, பக்கத்தில் கொடிகள் நிறைந்த ஒரு மலை, கீழே பாம்பு. நான் இடப்பக்கம் மெர்குரியையும் வலப்பக்கம் ஃபார்ச்சூனாவையும் சேர்த்துக்கொண்டேன்.

ஓட்டுத் துண்டுகளில் சோதனை

ஈரச் சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்காது. அதன் காரம் பல நிறங்களைத் தின்றுவிடும். சுவரில் கை வைக்கும் முன், மொட்டைமாடிக்குப் போடும் தட்டோடுகளில் மெல்லிய பூச்சுப் போட்டு, ஒவ்வொரு நிறத்தையும் ஒரு தெய்வத்தின் சின்னமாக வரைந்து பார்த்தேன். நிறத்துக்கும் சோதனை, கைக்கும் பயிற்சி.

தெய்வங்களின் அரசர் ஜூபிடரின் இடியைப் பூங்காவியிலும் மஞ்சள் காவியிலும் போட்டேன். இப்போது நாம் மின்னலை வரைகிற கோணல் கோடு அல்ல அது. நடுவில் பிடி, இரு முனையிலும் மொட்டு விரிவது போலச் சுடர்க் கொத்து, பக்கங்களில் சில சமயம் இறக்கை. அதை அவர் கையில் பிடித்திருப்பார், அல்லது அவருடைய கழுகு நகங்களில் பற்றியிருக்கும். காவி நிறங்கள் இரும்பின் சேர்மங்கள் என்பதால் சுண்ணாம்பு அவற்றை ஒன்றும் செய்யாது. மஞ்சள் காவியைப் பழைய தோசைக்கல்லில் வறுத்தால் அதிலிருக்கும் நீர் போய் ஆரஞ்சாகி, பிறகு சிவப்பாகிவிடும். இடையில் எடுத்தால் அழகான நடு நிறங்கள் கிடைக்கும். ரோமானிய வண்ணக்காரர்களும் இப்படிச் செய்தவர்கள்தான். பொம்பெயியின் சில சிவப்புச் சுவர்கள் முதலில் மஞ்சளாக இருந்து, எரிமலையின் வெப்பத்தில் சிவந்தவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

சீரீஸின் கோதுமைக் கதிரை, தெரிந்தே, சமையல் மஞ்சள் தூளில் வரைந்தேன். வைத்த நொடியில் குங்குமமாகிவிட்டது. வீட்டில் குங்குமம் செய்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சில நாள் வெயிலில் அதுவும் வெளுத்துப் போனது. தாவர நிறங்களை இந்த வேலையில் நம்பவே கூடாது என்பதை இந்தக் கதிர் நன்றாகக் காட்டியது.

ஜூபிடரின் மனைவி ஜூனோவின் மயிலுக்கு நீலம் வேண்டும். பிரஷ்யன் நீலம் காரத்தில் சிதைந்து பழுப்பாகும் என்று படித்திருந்தேன், அப்படியே ஆனது. அல்ட்ராமரைன் பொடி நின்றது. ஆனால் ரோமானியர் பயன்படுத்திய நீலம் வேறு. மணல், செம்புத் தூள், நேட்ரான் என்னும் சோடா உப்பு மூன்றையும் அரைத்து உருண்டை பிடித்துச் சூளையில் சுட்டுச் செய்வது. கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இந்தச் செய்முறையை எழுதி, வெஸ்டோரியஸ் என்பவர் புத்தியோலியில் இதைத் தயாரிக்கத் தொடங்கினார் என்கிறார். புத்தியோலி பொம்பெயிக்குப் பக்கத்துத் துறைமுகம். எகிப்திய நீலம் என்று இன்று விற்கிறார்கள், விலை அதிகம். கண்ணாடி போன்ற பொருள் என்பதால் நைசாக அரைக்க அரைக்க வெளிறிப் போகும். கொஞ்சம் சொரசொரப்பாகவே வைத்துக்கொண்டால்தான் மயில் கழுத்துக்குரிய நீலம் வருகிறது.

கொல்லர் தெய்வம் வல்கனின் சுத்தியலையும் குறட்டையும் விளக்குக்கரியில் போட்டேன். விளக்குக்கரி தண்ணீரில் மிதக்கும், கலக்கவே கலக்காது. இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேர்த்தால் வழிக்கு வரும். அறிவின் தெய்வம் மினர்வாவின் ஆந்தைக்கு அந்தக் கரியையும் சுண்ணாம்பு வெள்ளையையும் கலந்த சாம்பல் நிறம். கடல் தெய்வம் நெப்டியூனின் திரிசூலத்துக்குப் பச்சை மண். இது மங்கலான நிறம், ஆனால் அசையாமல் நிற்கிறது.

கடைசித் துண்டில் ஜேனஸ். நான் சொன்ன விதிக்கு அவர் விலக்கு. இரு பக்கமும் பார்க்கும் இரட்டை முகமே அவருடைய சின்னம், கையில் சாவி இல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். கதவுகளுக்கும் தொடக்கங்களுக்கும் உரியவர். குடியரசுக் கால வெண்கலக் காசில் ஒரு பக்கம் அவர் முகம், மறு பக்கம் கப்பலின் முன்பகுதி.

ஜாதிலிங்கச் சிவப்பு மட்டும் வாங்கவில்லை. ரோமானியச் செல்வர்கள் அதைத்தான் விரும்பினார்கள். ஸ்பெயினிலிருந்து வந்தது, விலை உயர்ந்தது. ஆனால் பாதரசச் சேர்மம், நஞ்சு. வெயில் பட்டால் கறுத்தும் போகும். ஃபேபெரியஸ் என்ற எழுத்தர் ரோமின் அவெண்டைன் குன்றில் இருந்த தன் வீட்டுச் சுவர்களில் அதைப் பூச, முப்பது நாளில் அசிங்கமாகக் கறுத்துவிட்டது என்று விட்ருவியஸ் பதிவு செய்திருக்கிறார். திறந்த பின்கட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

சுண்ணாம்பு

இந்த வேலையின் பாதி, சுண்ணாம்பு. சுட்ட கல் சுண்ணாம்பை வாங்கி, தண்ணீர் நிறைந்த டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்றினேன். கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் முழுக்கை சட்டையும் இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நீறிய பிறகு மெல்லிய வலையில் வடிகட்டி, மேலே எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தேன். வைக்க வைக்க வெண்ணெய் போல ஆகும். மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று ரோமின் பழைய கட்டட விதிகளில் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அவ்வளவு காலம் என்னால் காக்க முடியவில்லை, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் ஊறியது. கடைசிப் பூச்சுக்கு மட்டும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அதன் வெண்மைக்காக.

பூச்சுக்கு உதவ வந்த மேஸ்திரி பழைய வீடுகளில் வேலை பார்த்தவர். டிரம்மைத் திறந்து கரணையால் கிளறிப் பார்த்தவர், "கடுக்காய்த் தண்ணி எங்க தம்பி?" என்று கேட்டார்.

"இதுல போடலண்ணே. வெறும் சுண்ணாம்பும் மணலும் மட்டும்."

"வெல்லமும் இல்லையா? அப்ப பொறுமையாத்தான் வேலை பார்க்கணும்."

அவர் சொன்னது சரி. நம் ஊர்ப் பூச்சில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதற்குக் காரணங்கள் உண்டு. இங்கே எனக்கு வேண்டியது நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் பூச்சு. ஈரப் பூச்சில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அப்போது மேலே வைத்த நிறத் துகள்கள் அந்தக் கல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. பசை எதுவும் கிடையாது, நிறமும் தண்ணீரும் மட்டுமே. இந்த வேலையை வேறெதுவும் குறுக்கிடாமல் பார்க்க விரும்பினேன்.

சிமென்ட்டை முழுக்கக் கொத்தியெடுத்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, சுவரைத் திரும்பத் திரும்ப நனைத்தோம். உலர்ந்த செங்கல் பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மணலுக்கு விட்ருவியஸ் கணக்கையே பின்பற்றினேன். குழி மணல் என்றால் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மூன்று, ஆற்று மணல் என்றால் இரண்டு, அதோடு இடித்துச் சலித்த ஓட்டுத்தூள் சேர்த்தால் இன்னும் நல்லது என்கிறார் அவர். எங்களுடையது கழுவிய ஆற்று மணல், உடைந்த ஓடுகளை இடித்துக் கொஞ்சம் சேர்த்தோம். முதல் பூச்சு அரை அங்குலம், சொரசொரப்பாக விட்டது. அடுத்தது அதைவிட மெல்லியது, மணியாசுக் கட்டையால் மட்டம் பார்த்தது. மணல் பூச்சு மூன்று, அதன் மேல் சலவைக்கல் தூள் பூச்சு மூன்று என்று விட்ருவியஸ் கேட்கிறார். பொம்பெயியின் பெரும்பாலான சுவர்களில் அத்தனை அடுக்கு இல்லை, நானும் குறைத்தே போட்டேன். கடைசிப் பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும் மட்டும், இரண்டு நூல் கனம்.

வரைவதற்கு மழை ஓய்ந்த, காற்று ஈரமாக இருந்த நாள்களைத் தேர்ந்துகொண்டேன். சித்திரை வெயிலில் இந்தப் பூச்சு கண்ணெதிரே இறுகிவிடும். ஈரச் சாக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டதும் உதவியது.

சுவரில்

கடைசிப் பூச்சை ஒரே மூச்சில் முழுப் பரப்புக்கும் போடவில்லை. மேல் பகுதி, அதாவது உருவங்கள், ஒரு நாள். பாம்பு இருக்கும் கீழ்ப்பகுதி இன்னொரு நாள். இரண்டுக்கும் இடையிலான மூட்டு லாரேஸ்களின் காலடியில் உள்ள தரைக்கோட்டில் ஒளிந்துகொள்ளும்.

பூச்சைத் தொட்டால் விரலில் ஈரம் தெரிய வேண்டும், சாந்து ஒட்டக் கூடாது. அதுதான் தொடங்கும் நேரம். நடுக்கோட்டுக்கும் தரைக்கோட்டுக்கும் நூலை இழுத்துப் பிடித்து அழுத்தினேன். பொம்பெயிச் சுவர்களில் இத்தகைய நூல் தடங்களும் கூரிய முனையால் கீறிய வழிகாட்டிக் கோடுகளும் இன்றும் தெரிகின்றன. உருவங்களின் வெளிக்கோட்டையும் ஆணி முனையால் மெல்லக் கீறிக்கொண்டேன். பின்புலம் வெள்ளை, எனவே அதற்குத் தனி வேலை இல்லை.

லாரேஸ்களில் முதலில் தீட்டியது மதுக் கொம்பையும் அதிலிருந்து வளைந்து விழும் மதுவையும். ஒரே வளைகோடு, செங்காவியில் துளி கரி சேர்த்தது. கொம்பு உயரத்தில், வாளி கீழே, நடுவில் அந்த வளைவு. இது வந்துவிட்டால் குட்டை அங்கியையும் நுனிக்காலையும் எப்படிப் போட்டாலும் இவர் லார்தான். இருவரும் ஒருவருக்கொருவர் கண்ணாடிப் பிம்பம் என்பதால் ஒரு பக்கம் கீறியதைத் தாளில் திருப்பி மறுபக்கம் பயன்படுத்தலாம். பொம்பெயி ஓவியர்கள் எத்தனை சுவர்களில் இதைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள்! தூரிகையை எடுத்த சில நிமிடங்களிலேயே அந்த வேகத்தின் அவசியம் புரிந்துவிடுகிறது. முதல் தீற்றல்களைச் சுவர் விழுங்குகிறது, பிறகு கொஞ்ச நேரம் நிறம் வழுக்கிக்கொண்டு அற்புதமாக உட்காருகிறது, அப்புறம் தூரிகை இழுபடத் தொடங்குகிறது. இழுபட்டால் நிறுத்திவிட வேண்டும்.

ஜீனியஸின் கிண்ணத்தைப் பலிபீடத்துக்கு நேர் மேலே சாய்த்துப் போட்டேன். கிண்ணம் நிமிர்ந்திருந்தால் அவர் எதையோ ஏந்துகிறார், சாய்ந்திருந்தால் ஊற்றுகிறார். பூசை அந்தச் சாய்வில் இருக்கிறது. பொம்பெயியின் பல ஜீனியஸ்கள் மறு கையில் வளக்கொம்பு வைத்திருக்கிறார்கள். நான் வெத்தியஸ் வீட்டுச் சாம்பிராணிப் பெட்டியையே வைத்துக்கொண்டேன். தோகாவின் மடிப்புகள் நீர்த்த சாம்பல் நிறத்தில் நாலைந்து கோடுகள், கரைக்கு வறுத்த காவியில் கரி கலந்த ஊதா.

மெர்குரிக்கு வலக்கையில் பணப்பை, இடக்கையில் கடுசியஸ் என்னும் கோல். தொப்பியிலும் காலிலும் சிறு இறக்கைகள், காலடியில் சேவல். கோலை வரைந்துகொண்டிருந்தபோது மேஸ்திரி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் சின்னம் மாதிரி இருக்கே?" என்றார். இந்தக் குழப்பம் உலகம் முழுக்க உள்ளது. இரண்டு பாம்பு சுற்றிய, இறக்கை உள்ள கோல் மெர்குரியுடையது. வியாபாரிகள், தூதர்கள், வழிப்பயணிகள் ஆகியோரின் தெய்வம் அவர். மருத்துவத் தெய்வம் ஈஸ்குலேபியஸின் கோலில் ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. அமெரிக்க ராணுவ மருத்துவப் படை 1902-இல் மெர்குரியின் கோலைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்ட பிறகு இந்தக் குழப்பம் வெகுவாகப் பரவியது. மருத்துவர்களின் கார்களில் இரட்டைப் பாம்பை நாமும் நிறையப் பார்க்கிறோம். பொம்பெயியில் மெர்குரியை ஐயமில்லாமல் காட்டுவது பணப்பைதான். அங்குள்ள வெரகுண்டஸ் என்ற கம்பளித் துணிக்காரரின் பட்டறை முகப்பில் அவர் கோயிலிலிருந்து பணப்பையோடு வெளியே வருகிறார். பக்கத்திலேயே நகரின் காவல் தெய்வமான வீனஸ், யானைகள் பூட்டிய தேரில்.

ஃபார்ச்சூனாவின் சுக்கானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரோமானியக் கப்பலின் சுக்கான், பின்பக்கம் நடுவில் கீல் போட்டு மாட்டிய பலகை அல்ல. பின்பகுதியின் பக்கவாட்டில் தொங்கவிட்ட பெரிய துடுப்பு. அதனால் ஃபார்ச்சூனாவின் கையில் இருப்பது அகன்ற அலகுள்ள நீளத் துடுப்பாகத் தெரிய வேண்டும், அலகு தரையில் ஊன்றியிருக்க வேண்டும். சில சிலைகளில் அது ஒரு உருண்டையின் மேல் நிற்கும். வாழ்க்கையின் திசையைத் திருப்புகிறவள் என்பதற்குச் சுக்கான், கொடுப்பவள் என்பதற்கு இடக்கையில் வளக்கொம்பு. இவளுக்கு எல்லா இடத்திலும் வேலை உண்டு. பொம்பெயியில் ஒரு கழிப்பறைக்குப் போகும் வழியில், எகிப்தின் ஐசிஸ் தேவியின் சாயலோடு கலந்த ஃபார்ச்சூனாவைச் சுக்கானோடு வரைந்து, பக்கத்தில் இரு பாம்புகளுக்கு நடுவே குந்தியிருக்கும் ஆளையும் போட்டு, 'மலம் கழிப்பவனே, கேடு வரும், எச்சரிக்கை' என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். இப்போது அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாம்புக்கு முழுதாக ஒரு நாள் கொடுத்தேன், அதற்கு அது தகும். லராரியங்களில் பாம்பு தெய்வங்களை விடப் பெரிதாகவே இருக்கும். இரண்டு பாம்பு இருந்தால் கொண்டையும் தாடியும் உள்ளது ஆண். பீடத்தின் மேல் அதற்காக முட்டையும் பைன் கூம்பும் வைத்திருப்பார்கள். முதுகுக்குக் கரி கலந்த காவி, வயிற்றுக்கு மஞ்சள் காவி, செதில்களுக்குக் குறுக்கு வெட்டாகக் கரிக்கோடு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளையில் ஒளிப் புள்ளிகள். கொண்டை மட்டும் கலப்பில்லாத சிவப்பு. மடிப்பு மடிப்பாக உடல் போவதால் தூரிகையை உடம்பின் ஓட்டத்தோடு நீளமாக இழுக்கலாம், கையை நிறுத்தவே தேவையில்லை. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

காய்ந்த பிறகு

எல்லா நிறமும் ஈரத்தில் இருந்ததை விட நன்றாகவே வெளுத்தது. ஓட்டுத் துண்டுகள் இருந்ததால் அதை எதிர்பார்த்தே அழுத்தமாகத் தீட்டியிருந்தேன். சில வாரம் கழித்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். காவிகள் அசையவில்லை. எகிப்திய நீலம் வைத்த இடங்கள் மட்டும் லேசாகத் துணியில் வந்தன. கனமான, சொரசொரப்பான துகள் சுண்ணாம்புக்குள் முழுதாகப் புதைவதில்லை. புளிக்க வைத்த பாலின் திரட்டோடு நீறிய சுண்ணாம்பைக் குழைத்துக் கிடைத்த பசையில் கலந்து அந்த இடங்களை மறுபடி தொட்டேன், நின்றுவிட்டது. ரோமானிய ஓவியர்களும் இந்த நீலத்தைப் பல இடங்களில் காய்ந்த பூச்சின் மேல் பசையோடு வைத்திருக்கிறார்கள். இந்த நீலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிரும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பழைய சுவர்களில் எங்கே நீலம் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். 2024-இல் பொம்பெயியில் முழுவதும் நீலச் சுவர்கள் கொண்ட ஒரு பூசையறை வெளிப்பட்டது. அதன் சுவரில் நான்கு பருவங்களின் பெண் உருவங்களும், உழவு, மேய்ச்சல் இரண்டின் உருவங்களும் உள்ளன. உழவென்றும் மேய்ச்சலென்றும் சொன்னது ஏரும் இடையர் கோலும்தான்.

கைப்பொருளே தெய்வத்தைச் சொல்கிறது என்று பிடித்துக்கொண்டு வேலை செய்தபோது, ஒரு சட்டத்தையும் புதிதாகப் படித்தேன். கி.பி. 392 நவம்பரில் தியோடோசியஸ் பேரரசர் வீட்டு வழிபாட்டையும் தடை செய்தார். லாரை நெருப்பாலும், ஜீனியஸை மதுவாலும், பெனாட்டீஸை நறுமணப் புகையாலும் யாரும் வழிபடக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். தடுக்க எழுதிய வாசகம்தான், ஆனால் எந்தத் தெய்வத்துக்கு எது என்று ஒரு சுவரோவியனுக்கு வேண்டிய குறிப்பு முழுவதும் அதில் இருக்கிறது. என் சுவரில் பீடத்தின் மேல் நெருப்பு, ஜீனியஸின் கிண்ணத்தில் மது, அவர் கையில் சாம்பிராணிப் பெட்டி மூன்றுமே இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

இதே வேலையைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: காய்ந்த பிறகு மேலே வார்னிஷ், எமல்ஷன் எதையும் பூச வேண்டாம். சுண்ணாம்பு உள்ளே இறுகுவதற்கு இன்னும் மாதக்கணக்கில் காற்று வேண்டும். மழைச் சாரல் நேராக அடிக்காமல் ஒரு சின்னச் சாய்ப்பு போட்டால் போதும். தூரிகைகளை உடனே கழுவாவிட்டால் முடி முறுகி ஒடிந்துவிடும், பன்றி முடித் தூரிகை கொஞ்சம் தாங்கும். மிச்சச் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த ஆண்டு இன்னும் நன்றாக இருக்கும்.

டிரம்மில் பாதி மீதி இருக்கிறது. அடுப்புக்கு நேர் எதிரே உள்ள சுவருக்கு வெஸ்டாவை வைத்திருக்கிறேன், பக்கத்தில் அவளுடைய கழுதையோடு. ரொட்டிக் கடைகளில் மாவு அரைக்கும் எந்திரக்கல்லைச் சுற்றியவை கழுதைகள். ஜூன் 9-ஆம் தேதி வெஸ்டாவின் விழாவில் அவற்றுக்கு வேலை கிடையாது, கழுத்தில் ரொட்டிகளைக் கோத்து மாலையாகப் போடுவார்கள். கழுதையின் தலையை இப்போதே ஓட்டுத் துண்டுகளில் வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன். காது இரண்டும் சரியாக வந்தால் மற்றது வந்துவிடும்.